42 வயதில் இரும்பைத் தொட்டால் புரோ மேடை எட்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. வயது 42, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 80 கிலோ, இடுப்பு 38 அங்குலம். பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. 12 மணி நேர ஷிஃப்ட், 4 நாள் வேலை, 2 நாள் ஓய்வு. பள்ளிக்கூடத்தில் விளையாடியதோடு சரி, ஜிம்முக்குப் போனதே இல்லை. கட்டழகர் போட்டியில் இறங்கிப் புரோ ஆக வேண்டும் என்று ஆசை. முடியுமா? எத்தனை வருடம் ஆகும்?

எத்தனை வருடம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூச்சமில்லாமல் ஒரு மேடையில் போய் நிற்க 4 வருடம். அதற்குள் புரோ கார்டு, அதாவது தொழில்முறை வீரர் என்ற உரிமம், வாங்கித் தருகிறேன் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். முடியுமா என்ற பாதிக்குப் பதில், நீங்கள் எதைப் புரோ என்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

யூடியூபில் பார்க்கிற, கட்டழகர் உலகின் உச்சப் போட்டியான ஒலிம்பியா மேடை ஐஎஃப்பிபி புரோ லீக் என்ற அமைப்புடையது. 2017-இல் அது பழைய ஐஎஃப்பிபி சம்மேளனத்தை விட்டுத் தனியாக வந்துவிட்டது. அதற்குள் நுழைய, அதன் அமெச்சூர் கிளையான என்பிசி வோர்ல்ட்வைடு உறுப்பினராகி, புரோ குவாலிஃபையர் எனப்படும் போட்டியில் பொதுவாக உங்கள் பிரிவில் எல்லா வகுப்பையும் சேர்த்து முதலாவதாக வர வேண்டும். பழைய சம்மேளனம் எலைட் புரோ என்று தனிக்கடை வைத்திருக்கிறது. இங்கே மாநில அளவில் நடந்து மிஸ்டர் மலேசியா வரை போகிற போட்டிகள் இன்னொரு பாதை. மலேசியாவின் சசாலி சமாட் உலகப் பட்டம் மேல் பட்டமாக அடித்தது அமெச்சூர் பாதையில்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புரோ என்ற முத்திரை இல்லாமலே இந்த விளையாட்டில் உச்சிக்குப் போகலாம். நான்காவது பாதை ஊக்கமருந்து தொடாதவர்களுக்கான நேச்சுரல் அமைப்புகள். அவற்றில் ஒன்றான டபிள்யூஎன்பிஎஃப் சிறுநீர்ச் சோதனை, பொய் கண்டறியும் கருவி இரண்டையும் வைத்துச் சலித்துவிட்டுத்தான் புரோ கார்டு தருகிறது. ஓர் அமைப்பின் மேடையில் ஏறினால் இன்னோர் அமைப்பு தடை போடுவது இந்த விளையாட்டில் சகஜம். முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் மாநிலச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒரே பெயர்களை எடுத்து வைப்பார்கள். கிறிஸ் டிக்கர்சன் 1982-இல் ஒலிம்பியா வென்றபோது 43. ஷான் ரோடன் 2018-இல் வென்றபோதும் 43. டெக்ஸ்டர் ஜாக்சன் 45 வயதில் 2015 ஆர்னால்ட் கிளாசிக். லிபியாவின் கமால் எல்கர்கனி 47 வயதில் 2019 ஒலிம்பியாவின் 212 பவுண்டுப் பிரிவு. எல்லாம் உண்மை. ஆனால் இவர்கள் நாற்பதில் ஆரம்பித்தவர்கள் இல்லை; இருபது வருட உழைப்பை நாற்பதில் அறுவடை செய்தவர்கள். முற்றிய தசைக்கு நாற்பது கெட்ட வயதே இல்லை என்பதற்கு இது சான்று. உங்களிடம் இல்லாதது இளமை என்பதைவிட, அந்த இருபது வருடம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1990-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக வலு 174 சதவீதம் கூடியது. தசை எந்த வயதிலும் கேட்கும். ஏர்னஸ்டைன் ஷெப்பர்ட் 56 வயதில் உடற்பயிற்சியைத் தொடங்கி, எழுபதைத் தாண்டிப் போட்டி மேடையில் நின்று, கின்னஸிலும் ஏறியவர்.

இப்போது உங்கள் கணக்கு. 38 அங்குல இடுப்போடு 80 கிலோ என்றால் கொழுப்பு 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 20 கிலோ கொழுப்பு. மீதி 60 கிலோவில் தசை, எலும்பு, நீர், உறுப்புகள் எல்லாம் அடக்கம். நாற்பதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் முதல் வருடம் 3 முதல் 5 கிலோ தசை ஏற்றலாம். இரண்டாம் வருடம் அதில் பாதி. பிறகு வருடத்துக்கு ஒரு கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல். 5 வருடத்தில் 8 கிலோ என்று தாராளமாகவே வைப்போம்: 68. மேடைக்காக இளைக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் 2 கிலோ போகும்: 66. கொழுப்பு 6 சதவீதத்துக்கு இறங்கினால் மேடையில் உங்கள் எடை சுமார் 70 கிலோ.

உங்கள் உயரத்தில், உயரத்துக்கேற்ற எடை வரம்பு உள்ள கிளாசிக் பிசிக் பிரிவின் புரோ மேடையில் நிற்பவர் 80 கிலோவைத் தாண்டியிருப்பார், அதுவும் உங்களைவிடக் கொழுப்புக் குறைவாக. கொழுப்பு நீங்கிய எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு 22.8 வரும், அவருக்கு 27 பக்கம் வரும். மருந்து தொடாதவர்களுக்கு 25-ஐ ஒட்டி ஓர் எல்லை தெரிகிறது என்று 1995-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைத் தாண்டும் அபூர்வமான உடம்பு வாய்த்தவர்களும் உண்டு, ஆனால் அவர்களை 42 வயது வரை யாரும் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். நடுவில் இருக்கிற அந்தப் பத்துக் கிலோவை நிரப்பப் பெரும்பாலோர் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அதைக் கீழே பேசுகிறேன்.

ஆகவே என் மதிப்பீடு: ஐஎஃப்பிபி புரோ லீக்கின் வயது வரம்பில்லாத ஓப்பன் வரிசை, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாநில அளவில் மாஸ்டர்ஸ் பிரிவு 46, 47 வயதில் நிச்சயம் எட்டும். மாஸ்டர்ஸ் என்பது 35-இல் தொடங்குமா 40-இல் தொடங்குமா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். நேச்சுரல் அமைப்பில் மாஸ்டர்ஸ் புரோ கார்டு கஷ்டம், ஆனால் குறி வைக்கத் தகுந்தது. அகலமான தோளும் சிறிய இடுப்பெலும்பும் இயற்கையாக வாய்த்திருந்தால் மென்ஸ் பிசிக் பிரிவு உங்களுக்கு நெருக்கம். அங்கே முழங்கால் வரை ஷார்ட்ஸ் போடுவதால் தொடையின் அளவு தீர்ப்பில் வராது. தொடை வளர வருடக்கணக்கு எடுக்கும் தாமதக்காரர்களுக்கு இது பெரிய சலுகை.

வெயிட்டைத் தொடுமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முதலிடம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நமக்கான அளவு. 38 அங்குலம் என்பது 96.5. பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தா கட்டுகிற, 40 வயதைத் தொட்டவர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பம் என்றால் அரசின் பேக்கா பி40 பரிசோதனைத் திட்டம். இரண்டில் உங்களுக்குப் பொருந்துவதைப் பயன்படுத்துங்கள். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு வகைகள், சிறுநீரகம், கல்லீரல், முழு ரத்த எண்ணிக்கை. வீட்டில் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் இசிஜியோடு நிறுத்தாமல் டிரெட்மில் சோதனையும் கேளுங்கள்.

பயிற்சி தொடங்கிய பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் வரும், பல டாக்டர்களுக்கே சட்டென்று பிடிபடாது. நேற்று கால் பயிற்சி செய்துவிட்டு இன்று ரத்தம் கொடுத்தால் கல்லீரலுக்காகப் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் எகிறி நிற்கும். கல்லீரல் கெட்டுவிட்டது என்று பயப்படுவீர்கள். அவை அடிபட்ட தசையிலிருந்தும் கசிகின்றன. பரிசோதனைக்கு முன் 3 நாள், முடிந்தால் ஒரு வாரம், வெயிட் தூக்காதீர்கள். கிரியாட்டின் என்ற சப்ளிமெண்ட் பொடி சாப்பிடுபவருக்கு, சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனையைக் கேட்கலாம்.

ஏற்கெனவே மாத்திரை போடுபவரா? எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் இருந்துகொண்டு, இளைப்பதற்காகச் சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகி ஐசியூவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். கிளிக்ளசைடு போடுபவர் சாப்பாட்டைக் குறைத்தால் லோ சுகரில் மயங்குவார். உணவு மாறும் வாரத்திலேயே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம். ஷிஃப்டுக்காரருக்குத் திங்கள், புதன், வெள்ளி என்ற அட்டவணை ஒத்துவராது. 6 நாள் சுழற்சியாகப் பிடியுங்கள். ஓய்வின் இரண்டாம் நாள் நீளமான செஷன், வேலையின் மூன்றாம் நாள் 45 நிமிடச் செஷன். இரண்டுக்கும் நடுவில் சரியாக 3 நாள் இடைவெளி விழும். ஓய்வின் முதல் நாளை, குறிப்பாக நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தால், தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். முதல் 4 மாதம் இவ்வளவு போதும். பிறகு வேலை நாள் 2, 4, ஓய்வு நாள் 2 என்று மூன்றாக்கலாம்.

ஒவ்வொரு செஷனும் முழு உடம்புக்கும். நீளமான நாளில் லெக் பிரஸ், நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்து இழுக்கும் ரோ, சாய்வுப் பெஞ்சில் டம்பெல் பிரஸ், ருமேனியன் டெட்லிஃப்ட், பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸ், கெண்டைக்காலுக்கு ஒன்று. குறுகிய நாளில் நெஞ்சோடு ஒரு டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட், லேட் புல்டவுன், மெஷினில் செஸ்ட் பிரஸ், லெக் கர்ல், நேரம் இருந்தால் கேபிளில் கை முன்புறமும் பின்புறமும். முதல் மாதம் எல்லாவற்றிலும் 2 செட், பிறகு 3. ஒரு செட்டில் பெரிய அசைவுகளுக்கு 8 முதல் 12 ரெப் (தடவை), சின்னதுக்கு 12 முதல் 20. செட்டை முடிக்கும்போது இன்னும் 2, 3 ரெப் கையில் மிச்சம் இருக்க வேண்டும். பார்பெல் ஸ்குவாட், பார்பெல் பெஞ்ச் செய்யாவிட்டால் ஆம்பளையா என்று கேட்பவர்கள் எல்லா ஜிம்மிலும் இருப்பார்கள். நடுவர் உங்கள் தொடையைத்தான் பார்ப்பார், அது எதனால் வளர்ந்தது என்று கேட்கமாட்டார்.

எடையைக் கூட்டும் முறை இது. சாய்வுப் பெஞ்சில் 10 கிலோ டம்பெல் இரண்டு எடுத்து 3 செட்டில் 10, 9, 8 வந்ததாக வைப்போம். நோட்டில் எழுதுங்கள். மூன்று செட்டிலும் 12 வரும் வரை அதே 10 கிலோ. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: அடுத்த டம்பெல் 12.5 என்றால் ஒரு கைக்கு 25 சதவீதம் ஏறுகிறது. அதை எடுத்தவுடன் ரெப் 6-க்குச் சரியும், தோள் முன்னால் உருளும், அன்றே தோள்மூட்டில் ஊசி குத்தும். சின்ன டம்பெல்களில் மட்டும் 15 ரெப் வரை போய்விட்டு ஏறுங்கள். மெஷினில் ஒரு பிளேட் அதிகம் என்று தோன்றினால், எடையைத் தேர்ந்தெடுக்கும் ஊசி மேல் மாட்டும் 1.25 கிலோ தட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

லெக் பிரஸ்ஸில் கவனிக்க வேண்டியது இடுப்பு. பிளாட்ஃபாரம் கீழே வரும்போது பிட்டம் மெத்தையை விட்டுக் கிளம்பிச் சுருளும் இடம் ஒன்று இருக்கும். அதற்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் சுமை தொடையை விட்டுக் கீழ்முதுகின் டிஸ்க்கில் இறங்கும். அடுத்தது மூச்சு. 1985-இல் லெக் பிரஸ் செய்யும்போதே ரத்தக்குழாயில் கருவி வைத்து அளந்தார்கள்; மூச்சை அடக்கி உச்சம் வரை தள்ளியவர்களின் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. அவர்கள் உடற்கட்டுப் பயிற்சியில் பழகியவர்கள். நீங்கள் தள்ளும்போது வாயால் ஊதுங்கள், கடைசி ரெப்பில் மல்லுக்கட்டாதீர்கள்.

தாமதமாக ஆரம்பிப்பவரைக் கவிழ்ப்பது தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், சில வாரங்களிலேயே வலு ஏறும். எலும்போடு பிணைக்கும் நாணுக்கு ரத்தம் குறைவு, அது கெட்டிப்பட மாதக்கணக்கு. ஆகவே மூன்றாம் மாதம் வாக்கில் தசை 'இன்னும் போடு' என்னும், நாண் தயாராக இருக்காது. முழங்கையின் உள்பக்கம், தோள் முன்பக்கம், குதிகால் நாண், முழங்காலுக்குக் கீழே, இந்த நான்கு இடத்தில்தான் முதலில் முனகும். வலியைப் பத்துக்கு மார்க் போடுங்கள். 3 வரை இருந்து மறுநாள் காலை கூடாமல் இருந்தால் எடையைக் குறைத்துத் தொடரலாம். 4-ஐத் தாண்டினாலோ, காலையில் எழுந்ததும் விறைத்துக்கொண்டாலோ அந்த அசைவை நிறுத்தி, அதே இடத்துக்கு அசையாமல் 30, 40 விநாடி தாங்கிப் பிடிக்கும் பயிற்சி கொடுங்கள். முற்றிலும் ஓய்வு எடுத்தால் வலி போகும், நாண் இன்னும் பலவீனமாகித் திரும்ப வரும். டெட்லிஃப்டில் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாகப் பிடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முழங்கைப் பக்கம் புஜத்தின் நாண் அறுந்து வருகிற ஆண்களில் நடுத்தர வயதினர்தான் அதிகம். பட்டை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். 6 வாரத்துக்கு ஒரு முறை, ஒரு சுழற்சி முழுக்கச் செட்டைப் பாதியாக்குங்கள்.

இருதயத்துக்கு, வாரம் இரண்டு தடவை தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் போதும். 513 படி. பேச்சுத் தடுமாறாத வேகத்தில் ஏறுங்கள். இறங்குவது சுலபம் என்று ஓடி இறங்காதீர்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான், ஏறியதால் இல்லை.

சாப்பாட்டில் முதல் தப்பு பெயரிலேயே இருக்கிறது: பல்க், அதாவது பருமனாவதற்காக அதிகம் சாப்பிடுவது. 25 சதவீதக் கொழுப்போடு இருப்பவர் வளர்வதற்காக அதிகம் சாப்பிடத் தேவையில்லை. வயிற்றில் இருப்பதே கிடங்கு. புதிதாக ஆரம்பிப்பவர் கொழுப்பு இறங்க இறங்கவே தசை ஏற்றலாம், அந்த வாய்ப்பு முதல் வருடத்தோடு போய்விடும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரியில் ஆரம்பிக்கலாம். புரதம் 150 கிராம், கொழுப்பு 65, மாவுச்சத்து 230 பக்கம். இடுப்பு 34 அங்குலத்துக்கு வரும் வரை இதை விட்டு ஏறாதீர்கள்.

புரதத்தை இரவுச் சாப்பாட்டில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். இளைஞனுக்கு ஒரு வேளைக்கு 20 கிராமே தசையைத் தூண்டும். வயது ஏறியவருக்குக் கிலோ எடைக்கு 0.4 கிராம் வரை தேவைப்படும், உங்களுக்கு 32. நான்கு வேளையும், வேளைக்கு 35 கிராமுக்குக் குறையாமல் வையுங்கள். காலை ஷிஃப்டுக்கு முன் 3 முழு முட்டை, 2 வெள்ளைக்கரு, 2 தோசை, ஒரு கிளாஸ் பால். பிரேக்கில் ஒன்றரைக் கரண்டி வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுத்த புரதப் பொடி), ஒரு வாழைப்பழம். மதியம் கேன்டீனில் தோல் நீக்கிய கோழி, சமைத்த எடையில் 150 கிராம், சோறு 200 கிராம், கீரை. இரவு சுட்ட கெம்போங் மீன் இரண்டு, அல்லது 150 கிராம் தெம்பே (புளிக்க வைத்த சோயா), கூடவே கெட்டிப் பருப்பு. இட்லியில் புரதம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். ஒன்றில் 2 கிராம்தான். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நாசி கண்டாரை அறவே விடச் சொல்லி இந்தத் தீவில் யாரும் கேட்கப்போவதில்லை. சோறு பாதி, கோழி பெரிய துண்டு, வெண்டைக்காய், குழம்பு ஒரு கரண்டி. 'பஞ்சிர்' (வெள்ளம்) என்று சொல்லிச் சோற்றைக் குழம்பில் குளிப்பாட்டும்போதுதான் எண்ணெய் ஏறுகிறது. நாளைக்கு மூன்று தே தாரிக் குடிப்பவர் அதைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்கினாலே 400 கலோரியைத் தாண்டி மிச்சம். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் தசை கரைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். தெம்பே 100 கிராமில் 19 கிராம் புரதம்; தௌஃபு, தயிர், வே புரோட்டீன் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்.

சப்ளிமெண்டில் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் நாளுக்கு 5 கிராம். முதல் மாதம் ஒரு கிலோ நீர் ஏறும், பயப்பட வேண்டாம். வே புரோட்டீன் வசதிக்காக மட்டும். மற்றதெல்லாம் டப்பாவின் அழகு. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விற்கும் மாத்திரைகளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மருந்து வடிவில் வருவது எதிலும் எம்ஏஎல் (MAL) என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணுக்குப் பின் வரும் எழுத்து 'N' என்றால் பதிவுபெற்ற சத்துப்பொருள்.

அந்தப் பத்துக் கிலோவுக்கு வருவோம். ஜிம்மில் ஓர் ஆறு மாதம் முகம் தெரிந்துவிட்டால் யாராவது ஒருவர் ஊசியைப் பற்றிக் காதில் போடுவார். டெஸ்டோஸ்டிரோனும் மற்ற ஸ்டீராய்டுகளும் 1952 விஷச் சட்டத்தின்படி மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் உடம்பு ஒதுக்காது. ரத்தம் கெட்டியாகும்: ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மூளையிலோ இருதயத்திலோ ரத்தம் உறைந்து அடைக்க வாய்ப்பு ஏறுகிறது. நல்ல கொழுப்பு சரிந்து விழும், இருதயச் சுவர் தடிக்கும், விதை தன் வேலையை நிறுத்திவிடும். ஊசியை விட்ட பிறகு அது திரும்ப எழ மாதங்கள் ஆகும், சிலருக்கு எழுவதே இல்லை. 22 வயதுக்காரன் இதிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று கதை சொல்லலாம். 45 வயதில், சர்க்கரையும் மாரடைப்பும் பரம்பரையாக வருகிற குடும்பத்தில், இதய ரத்தக்குழாயில் ஏற்கெனவே எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரியாமல் போடுவது வேறு கதை. டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்றாலும் சோதனை உள்ள போட்டியில் விதிவிலக்கு அனுமதி இல்லாமல் அது ஊக்கமருந்துதான். மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமாஸ் கையில் மாட்டினால் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது.

நான்காம் வருடம் மேடை என்றால் அதற்கு 20 முதல் 24 வாரம் முன்னால் இளைக்கத் தொடங்குங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், அதாவது 400 கிராம் போல. இதைவிட வேகமாக இறங்கினால் போவது தசை. கடைசி வாரம் தண்ணீரை நிறுத்து, உப்பை நிறுத்து, நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு மாத்திரை போடு என்பார்கள். 1992-இல் முகமது பெனாசிசா என்ற புரோ ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்தது நீர் பிரிக்கும் மருந்தின் விளைவாகத்தான். ரத்த அழுத்த மாத்திரை போடுபவருக்குப் பொட்டாசியம் குழம்பி இருதயம் நின்றுபோக ஒரே இரவு போதும். தண்ணீர் குடிக்கும் அளவை மாற்றாதீர்கள், கடைசி இரண்டு நாள் சோற்றைக் கொஞ்சம் கூட்டினால் தசை நிரம்பி நிற்கும், அவ்வளவே.

போஸிங்கை, அதாவது மேடையில் தசையைக் காட்டி நிற்கும் பயிற்சியை, இளைக்கும் காலத்துக்குத் தள்ளிப்போடுவது அமெச்சூர்களின் நிரந்தர நோய். நடுவர் முன் 10 நிமிடம் வயிற்றை உள்ளிழுத்து, தொடையை இறுக்கி, சிரித்துக்கொண்டே நிற்பது தனிப் பயிற்சி. இரண்டாம் வருடத்திலிருந்தே ஒவ்வொரு செஷன் முடிவிலும் 5 நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணாடி இல்லாமலும் பழகுங்கள், மேடையில் கண்ணாடி கிடையாது. நமக்குத்தான் இயற்கையாகவே நிறம் இருக்கிறதே, உடம்பைக் கறுப்பாக்கும் டேன் பூச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேடை விளக்கு எந்தக் கறுப்பையும் வெளிறடிக்கும். 2, 3 பூச்சு தேவை. இரண்டு நாள் முன்பே முடியை மழித்துவிடுங்கள், அன்று சிரைத்தால் டேன் துளைகளில் புள்ளி புள்ளியாகத் தேங்கும். அன்றைக்கு டியோடரண்ட் போட்டால் அக்குள் பச்சையாகத் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு ஒழுகுவது சாதாரணம்; ஏசி அறையில் காத்திருந்து, வரிசை கூப்பிட்ட பிறகு வெளியே வாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. 2024-இல் ஒலிம்பியா ஓப்பன் வென்ற சாம்சன் டவுடாவுக்கு 6 லட்சம் டாலர். சாதாரணப் புரோ போட்டியில் முதல் பரிசு 10,000 டாலரை ஒட்டித்தான், சின்னப் பிரிவுகளில் அதுவும் இல்லை. விமான டிக்கெட், தங்குமிடம் உங்கள் செலவு. இதை வைத்துச் சோறு தின்ன வேண்டும் என்றால் வழி பயிற்சியாளராவதுதான். எஸ்பிகேகே என்ற தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ் படிப்பை இரண்டாம் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். தாமதமாகத் தொடங்கி உருவான உடம்பைப் பார்த்து வருகிற 45 வயது வாடிக்கையாளர் இங்கே நிறைய. ஷிஃப்ட் வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள்.

4 வாரத்துக்கு ஒரு முறை, அதே சுவர், அதே விளக்கு, முன், பக்கம், பின் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் வருட முடிவில் இடுப்பு 32 அங்குலத்துக்குள் இருந்து, தோள் சுற்று அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தால் மென்ஸ் பிசிக். தொடையும் அதற்கு ஈடாக வந்திருந்தால் கிளாசிக்கைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை போஸிங் டிரங்க் வாங்க வேண்டாம், அளவு மாறிவிடும்.